செட் ஆகாது

பல் செட்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் வாய்களுக்குப் பல் செய்து கொடுத்திருக்கிறார். அவர் வாயில் மட்டும் ‘செட்’ என்ற ஒரே சொல்தான் ஓடும். பல் அச்செடுக்கும் மாவு இறுகினால் செட் ஆயிடுச்சு. புதுச் செருப்பு கடித்தால் செட் ஆகல. அலாரம் வைப்பது செட் பண்றது. கோப்பைகள் ஆறு சேர்ந்தால் ஒரு செட். கூடப் படித்தவர்களும் நம்ம செட்.

“வேற வார்த்தையே கிடைக்கலியா உங்களுக்கு?” என்று கேட்ட மனைவிக்கும் நாளடைவில் அது தொற்றிக்கொண்டது. வினை அங்கேதான் ஆரம்பம்.

மகள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை விரும்பினாள். அவன் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனான். அப்பா சரி என்றால்தான் கல்யாணம் என்று மகள் சொல்லிவிட்டாள். அப்பாவோ, “யோசிச்சுச் சொல்றேன்” என்று நாளைக் கடத்தினார்.

புதன் மதியம் பட்டறையில் இருந்தார். வேறு யாரோ செய்த பல் செட் ஒன்றை அனுப்பி, நோயாளியின் அச்சில் பொருந்துமா என்று டாக்டர் கேட்டிருந்தார். பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது: “செட் ஆகுமா? அவங்க காத்திருக்காங்க.”

கண்ணாடி நெற்றியில், கையெல்லாம் மாவு. கண்ணை இடுக்கிச் செய்தியை மட்டும் படித்தவர், அனுப்பியது யார் என்று பார்க்காமல், டாக்டர்தான் என்று நினைத்துப் பேசியே பதிவு செய்து அனுப்பினார்: “செட் ஆகாது. மேல் முன்பல்லு தூக்கிக்கிட்டு நிக்குது. திருப்பி அனுப்பிடுங்க. நானே புதுசா ஒண்ணு பண்ணித் தர்றேன்.”

கேட்டிருந்தது மனைவி. மெக்கானிக்குக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல்தான்.

கால் மணி நேரத்தில் மகள் கூப்பிட்டாள்.

“ஏம்ப்பா, ஆளைப் பாத்தீங்களா, வாயை மட்டும் பாத்தீங்களா?”

“யார் வாயை?”

“புதுசா ஒண்ணு பண்ணித் தருவீங்களாமே! மாப்பிள்ளையை மாவுல பிசைவீங்களா?”

“ஐயையோ, அது பல் செட்டும்மா!”

“அம்மா எனக்கு அனுப்பினாங்க. நான் அழுதுக்கிட்டே அவருக்கு அனுப்பிட்டேன்.”

அவள் வைத்ததும் அவனே கூப்பிட்டான். “மாமா, பல்லுதான் பிரச்சினைன்னா கிளிப் போட்டுக்கறேன். விசாரிச்சிட்டேன், ரெண்டு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.”

பல் செட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

“பல்லுல யாரையும் கை வைக்க விடாதீங்க மாப்ளே. எனக்குப் பூரண சம்மதம்.”

மனைவி நம்பவில்லை. “எழுதி அனுப்புங்க. அந்த வார்த்தை மட்டும் வரக்கூடாது” என்றாள். கையைக் கழுவி, கண்ணாடியை இறக்கி, ‘சம்மதம்’ என்று எழுத்துக் கூட்டி அனுப்பினார்.

கல்யாணம் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. டாக்டருக்கு வியாழக்கிழமை காலைதான் பதில் போனது.