ஆச்சரியக்குறி விழுந்த பாட்டுகள்

அந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டுப் பாட்டுகள் அனைத்தும் ஒரே நாளில் வாய் மூடிக்கொண்டன. கணினித் திரையில் அவை வழக்கம்போல வரிசையாகத்தான் நின்றன. பாட்டின் முதலடி இருந்தது, பாடியவர் பெயர் இருந்தது, எத்தனை நிமிடம் ஓடும் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறிய ஆச்சரியக்குறி முளைத்திருந்தது. அதைத் தொட்டால் ஒரு பெட்டி திறந்து, கோப்பைக் காணவில்லை, நீங்கள் தேடித் தருகிறீர்களா என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டது. அதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒருவர் பேச்சை இழந்திருந்தார். அவர் என் அப்பா. அந்தப் பாட்டுகளைச் சேர்த்து வைத்தவரும் அவர்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையைப் பார்த்த ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா கல்யாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டும் தொழில் செய்தார். பூச்சோங்கிலிருந்து பந்திங் வரை அவருடைய வேன் போகாத மண்டபம் குறைவு. ஒலிபெருக்கி யாரிடமும் கிடைக்கும். அப்பாவை மக்கள் தேடி வந்தது அவர் பாட்டுகளை அடுக்கும் விதத்துக்காக. பெண் மேடைக்கு நடந்து வருவதற்கு ஒரு பாட்டு, மாலை மாற்றும்போது ஒன்று, சாப்பாட்டுப் பந்திக்குச் சில, பெண்வீட்டார் கண் கலங்கத் தொடங்கும் அந்த ஒரு நிமிடத்துக்கென்று தனியாக ஒன்று. இந்த வரிசைகள் எல்லாம் அவருடைய கணினியில் இருந்த இசை நூலகத்தில்தான் இருந்தன. பழைய நாடாக்களிலிருந்தும் குறுந்தட்டுகளிலிருந்தும் அவர் பதிவுசெய்த கோப்புகளுக்கோ வெறும் எண்கள்தான் பெயர். எந்த எண்ணுக்குள் எந்தப் பாட்டு என்பதை நூலகம் ஒன்றே அறியும்.

பக்கவாதம் வந்து அவருடைய வலக்கையும் பேச்சும் போயின. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண்மணி மிக இனிமையானவர். ஒவ்வொரு முறையும் அவர் அப்பாவின் எதிரே குனிந்து, "நாமா பாக்சிக் சியாப்பா?" என்று கேட்பார். உங்கள் பெயர் என்ன என்பதுதான் பயிற்சியின் முதல் கேள்வி. அப்பாவின் கழுத்து நரம்பு புடைக்கும், உதடு கோணும், ஒன்றும் வராது. பரவாயில்லை, அடுத்த முறை, என்பார் அவர். அடுத்த முறையும் அப்படியேதான் நடந்தது. மாதங்கள் போகப் போக, திரும்பி வரும் வழியில் அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் மாமா, அம்மாவின் தம்பி, கிள்ளானில் எண்சோதிடம் பார்க்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். மாமா கிள்ளான் துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டினார். வார இறுதிகளில் அப்பாவின் தொழிலை விழாமல் தாங்கிக்கொண்டிருந்தவரும் அவரே. நானும் உடன் போனேன். அந்த மனிதர் அப்பாவின் பெயரைக் கட்டங்களுக்குள் உடைத்துப் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்தப் பேருதாம்மா அவரை அமுக்குது. எங்கெல்லாம் எழுதியிருக்கோ அங்கெல்லாம் எடுத்துடுங்க. தைப்பூசம் வரைக்கும் வீட்டுல யாரும் வாய்விட்டுச் சொல்லவும் வேணாம். பாரம் எறங்கினா பேச்சு தானா வரும்."

தொழிலுக்கு ஒரு புதிய பெயரை மஞ்சள் தடவிய தாளில் எழுதிக் கொடுத்தார். அப்பாவின் பெயரையே தொழில் சுமந்துகொண்டிருந்ததால், அழிக்கவேண்டிய இடங்கள் ஏராளமாக இருந்தன. வேனின் இருபுறமும் இருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டி ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை வண்ணத்தில் இருந்தது. கம்பிச் சுருள்களில்கூட ஒட்டுத்தாளில் இருந்தது. மாமா உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். அம்மா சமையலறைக் கத்தியால் சுரண்டினாள். அப்பாவை நாற்காலியோடு கீழே கொண்டுவந்து நிழலில் உட்கார வைத்திருந்தோம்.

"மச்சான், ஒங்க பேரு லேசுல போகமாட்டேங்குது லா. அப்பவே நல்ல பெயிண்டா வாங்கிப் போட்டுட்டீங்க" என்று மாமா சிரித்தார். அப்பா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். அன்று மாலை கணினியையும் திறந்து பார்த்தார். பாட்டுகள் அத்தனையும் இருந்த பெரிய கோப்புறைக்கு அப்பா தம் பெயரையே வைத்திருந்தார். மாமா அதை அழித்துவிட்டுப் புதிய பெயரைத் தட்டினார். "இங்கயும் க்ளியர், அக்கா" என்று அறிவித்தார். வீட்டிலிருந்து அப்பாவின் பெயர் முற்றாக நீங்கிவிட்டதாக நாங்கள் நம்பினோம்.

மறுநாள், சனிக்கிழமைக் கல்யாணத்துக்காகப் பாட்டுகளை ஓட்டிப் பார்த்தபோதுதான் ஆச்சரியக்குறிகள் தெரிந்தன. கிள்ளானில் பெரிய மண்டபம். அப்பா நோயில் விழுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்த விருந்து. அது கைவிட்டுப் போனால் இனி யாரும் அழைக்க மாட்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமா வேர்த்துப் போய்க் கணினியைக் கட்டித் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கு ஓடினார். அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம்.

கடைக்காரர் சிறிது நேரம் தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யாரு பாஸ் இந்த ஃபோல்டர் பேரை மாத்துனது?"

"நான்தான். ஏன்?"

"வீட்டு நம்பரை மாத்திட்டு, போஸ்ட்மேன் வரலைன்னு அழுவுறீங்களே! பாட்டு எங்கயும் போகல லா. உள்ளதான் கெடக்கு. பழைய பேரைத் திருப்பி வைங்க, எல்லாம் தானா பாடும். இதுக்கெல்லாம் நான் காசு வாங்கமாட்டேன்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த கம்பிகளைப் பார்த்தபடி நின்றாள்.

"பழைய பேரு வேணாம் அண்ணே."

"வேணாமா? ஏன்க்கா?"

"வேணாம்."

அவள் குரலில் இருந்த எதையோ கேட்டுக் கடைக்காரர் சிரிப்பை விட்டார். "அப்படின்னா ஒண்ணொண்ணா காட்டிக் கொடுக்கணும்க்கா. இது பழங்காலத்து சாஃப்ட்வேர், மொத்தமா மாத்த வராது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு ஸ்கூல் லீவுதானே? வா, சொல்லித் தரேன்."

இப்போது எண்ணிப் பார்க்கையில், அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. மருந்து கொடுப்பதை மருத்துவர் செய்தார், கேள்வி கேட்பதைப் பயிற்சியாளர் செய்தார். அப்பாவுக்காகத் தன் கையால் செய்வதற்கென்று உலகம் அவளுக்கு மிச்சம் வைத்தது பெயரைச் சுரண்டி எடுக்கும் அந்த வேலை ஒன்றைத்தான். அதையும் ஒரு கடைக்காரரின் பேச்சுக்காக விட்டுக்கொடுக்க அவளால் ஆகவில்லை.

இவ்வாறு பதினொரு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆச்சரியக்குறியைத் தொடவேண்டும். திறக்கும் பெட்டியின் நடுவில், கோப்பு முன்பு இருந்த இடத்தின் முகவரி நீளமாக எழுதியிருக்கும்: முதலில் அப்பாவின் பெயர், அடுத்து ஒரு சிறு கோப்புறையின் பெயர், கடைசியில் எண். அதைப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டு, புதிய பெயருக்குள் நுழைந்து, அதே சிறு கோப்புறையில் அதே எண்ணைத் தேடிக் காட்டவேண்டும். பெட்டி மூடும், குறி மறையும், பாட்டு பாடும். பள்ளியில் வாசிப்புப் பயிற்சியில் முதலாவதாக வருபவள் நான் என்பதால், கிள்ளானில் சொன்ன தடையை மறந்து ஒவ்வொரு முகவரியையும் உரக்கவே படித்தேன்.

அப்பா மின்விசிறியின் கீழே, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் படிக்கும்போதெல்லாம் அவர் தலை என் பக்கம் திரும்பியது. வேலையை மேற்பார்வை பார்க்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என்ன படிக்கிற?"

"பழைய எடம்மா. பெட்டியில வருது."

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இதுலயும் இருக்கா?"

"மாத்தாத பாட்டுல எல்லாம் இருக்கும்மா. மாத்தினா போயிடும்."

"அப்ப கல்யாணப் பாட்டு மட்டும் இல்ல, எல்லாத்தையும் மாத்திடு. வாய்விட்டுப் படிக்காத பாப்பா. மனசுக்குள்ள படி."

மனத்துக்குள் படித்தேன். அப்பாவுக்கு முன்னால் இப்போது ஓசை இல்லை, திரை மட்டுமே இருந்தது. அவர் உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்து அதை எட்டிப் பார்க்கத் தொடங்கினார். அன்றோ மறுநாளோ, ஒரு பெட்டி திறந்திருந்தபோது, அவரிடமிருந்து ஓர் ஒலி வந்தது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. பின்னால் ஒரு நீண்ட மூச்சு இழுபட்டது.

"தண்ணியாப்பா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவர் என்னையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தார். குடித்தார். நான் பாட்டைக் காட்டிக்கொடுத்தேன், பெட்டி மூடியது. அடுத்த பெட்டி திறந்ததும் அதே ஒலி மீண்டும் வந்தது. மீண்டும் தண்ணீர் கொண்டுவந்தேன். அப்படி நான் எத்தனை முறை எழுந்து போனேன் என்று தெரியாது.

"ஏன்டி சும்மா சும்மா தண்ணி குடுக்குற? பாத்ரூமுக்கு யாரு தூக்கிட்டுப் போறது?" என்று அம்மா கடிந்துகொண்டாள்.

"அப்பாதாம்மா கேக்குறாரு."

"அவருக்கு எங்கடி கேக்கத் தெரியுது? திரை வெளிச்சம் கண்ணைக் கூசுது போல." அவள் அவருடைய நாற்காலியைத் திருப்பி, ரயில் பாதை தெரியும் சன்னலைப் பார்த்து வைத்தாள். அவர் கழுத்தைப் பின்னால் திருப்பப் பார்த்தார். வலப்பக்கம் ஒத்துழைக்கவில்லை.

சனிக்கிழமைக் கல்யாணம் குறையின்றி நடந்தது. பெண் நடந்து வந்தபோது அதற்குரிய பாட்டு வந்தது. பெண்ணின் தாய் அழுதபோது அதற்குரியது வந்தது. மாமா பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து, கேரி தீவிலிருந்து ஒரு கோயில்காரர் திருவிழாவுக்குக் கேட்டிருப்பதாகச் சொன்னார். "பேரு ராசி வேலை செய்யுதுக்கா! மச்சான், கேட்டீங்களா? இனிமே எல்லாம் ஏறுமுகம்தான்" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். அம்மா பல மாதங்களுக்குப் பிறகு அன்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே மீதிப் பாட்டுகளையும் வேகமாக முடிக்கவேண்டும் என்று தீர்மானித்தேன்.

முடித்தேன். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். சன்னல் பக்கமிருந்து அந்த ஒலி சில நாட்கள் வந்துகொண்டிருந்தது. முதலில் அடிக்கடி, பிறகு எப்போதாவது. பிறகு வரவில்லை. விடுமுறையின் கடைசி வாரத்தில் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தேன். ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை. கைதட்டுவதற்கு ஆளில்லாததால் நானே தட்டிக்கொண்டேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது பயிற்சிப் பெண்மணி எப்போதும்போலக் குனிந்து, எப்போதும்போலக் கேட்டார். அப்பாவின் கழுத்து நரம்பு புடைக்கவில்லை. உதடு அசையவில்லை. அவர் அந்தப் பெண்மணியைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் முயற்சியாவது செய்வாரே என்று அந்தப் பெண்மணி அம்மாவிடம் மலாயில் வருத்தத்தோடு கேட்டார். தைப்பூசம் வந்து போயிற்று. அப்பா அதன் பிறகும் பல ஆண்டுகள் எங்களோடு இருந்தார். யாராலும் எதுவும் கேட்கப்படாதவராக, தாமும் எதையும் சொல்ல முயலாதவராக.

வீட்டில் அவர் பெயர் எஞ்சியிருந்த ஒரே இடம் அந்தப் பெட்டி என்பதோ, அதை அவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார் என்பதோ அன்றைக்கு எனக்குத் தெரியாது. மருத்துவமனையில் பலரும் காத்திருந்த பதிலை அவர் என்னிடம்தான் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குத் தாகம் எடுத்ததாக நான் நினைத்தேன்.