பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கர்த்தர் கதவைத் திறந்தார்

கர்த்தருக்குள் பிரியமான அக்கா தங்கச்சிமாரே, எனக்கு இடது காது கேட்காது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இடது பக்கமாக நின்று தோத்திரம் சொல்லிவிட்டு, நான் திரும்பாமல் போனதும், "சூப்பர்வைசர் ஆனதுல இருந்து ஜெபக்கனிக்கு மண்டைக்கனம்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். அந்தக் காது பிறவியில் செத்தது இல்லை. என் வீட்டுக்காரர் அடித்துச் செத்தது.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி சேத்தூருக்கு வந்தேன். வந்த புதிதில் ஒரு மத்தியானம் குழம்பில் உப்பு கூடிவிட்டது. உள்ளங்கையை விரித்து, காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார். உள்ளே ஏதோ கிழிந்தது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கி ரவிக்கை நனைந்தது. அவர் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அடியை விட, அவர் சாப்பிட்டதுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை. விறகுக் கட்டை, சைக்கிள் செயின், கைக்கு எது வாக்காக வருகிறதோ அது. ஒருமுறை என் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தலையை அம்மியில் மோதினார். வயிற்றில் இருந்த பிள்ளை அவர் மிதித்த ஒரு மிதியில் போய்விட்டது. பிறகு எனக்குத் தரிக்கவே இல்லை.

சத்தம் போட்டால் அடி கூடும். அதனால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் அடி விழுந்தால் அடுத்த வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். நம் மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். நானும் மற்ற வீடுகளுக்காகக் கூட்டி வைத்திருக்கிறேன்.

சபையிலும் ஒரு வழக்கம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருத்தியாக எழுந்து விண்ணப்பம் சொல்வோம். "வீட்டில் சமாதானம் இல்லை" என்று ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தனை பெண்களுக்கும் தெரியும். யாரும் மேலே கேட்க மாட்டோம். கண்ணை மூடிக்கொண்டு, "இந்த மகளுக்குப் பொறுமையைத் தாரும் ஆண்டவரே" என்று ஜெபிப்போம். எனக்காகவும் அப்படித்தான் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். நானும் அதையே கேட்டேன். கர்த்தர் கேட்டதைக் கொடுத்தார். வண்டிமாட்டுக்குக்கூட இல்லாத பொறுமை எனக்கு வந்தது. அடி மட்டும் நிற்கவில்லை.

அப்போது நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் வேலை பார்த்தேன். ஊரார் காயத்துக்குக் கட்டுகிற துணியை என் காயத்தோடு உட்கார்ந்து சுருட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புது ஷெட் போட்டார்கள். அதில் ஒரு ஷிப்டைப் பெண்ணே நடத்தட்டும் என்று முதலாளி சொன்னார். அவருடைய ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டை நடத்திக்கொண்டிருந்த ராமலட்சுமியைச் சனிக்கிழமைதோறும் வரவழைத்து, எங்களில் ஒருத்தியைத் தயார் செய்யச் சொன்னார்.

ராமலட்சுமி என் வயதுக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். கோயில் துளசியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள். வந்த முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"துணியில பிசிறு இருந்தா நீதான் மொதல்ல பாக்க. பாத்துட்டு வாயத் தொறக்க மாட்டேங்க. ஏன்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்விதான் கேட்டாள். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது அடியை விடக் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த வருசம் இந்நேரம் நீ எப்படி இருக்கணும்?" என்று கேட்டாள்.

"உசுரோட இருக்கணும்" என்றேன்.

அவள் என் முழங்கையில் இருந்த கன்றலைப் பார்த்தாள். "சரி. அது மொதல். பொறவு?"

பொறவு என்று என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. "ஷிப்ட நடத்தணும்" என்று வந்துவிட்டது. எனக்குள் அப்படி ஓர் ஆசை கிடப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஷெட்டில் மெஷின்கள் ஓடும்போது என்னை நடுவில் நிற்க வைத்தாள். "யாராச்சும் அந்தக் கடைசி மெஷின நிறுத்துங்களேன்" என்றேன். ஒருத்தியும் அசையவில்லை.

"யாராச்சும்னா அது யாரு?" என்று ராமலட்சுமி கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒருத்தி ஷெட்டில் இல்லை. "பாக்கியம், கடைசி மெஷின நிறுத்து" என்றேன். மெஷின் நின்றது. அந்தச் சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. பிறகு துணி வெளுக்கும் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் என்னை நிறுத்திக் கூப்பிடச் சொல்வாள். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தால்தான் விடுவாள். தொண்டை புண்ணாகிவிடும்.

ஒருநாள் உதடு கிழிந்து போயிருந்தேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை. "உங்க சாமிகிட்ட என்னட்டி கேக்க?" என்றாள்.

"பொறுமை."

"அம்புட்டுதானா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தலையில் துளசி வைத்தவள் என் ஜெபத்தில் குறை கண்டுபிடிப்பதா? பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். சேத்தூர் வருவதற்குள் கோபம் அழுகையாகிவிட்டது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஜெபித்தேன். ஆண்டவரே, பொறுமை போதும். எனக்குச் சத்தம் கொடும்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு ஷிப்டை என் கையில் கொடுத்தார். துணிப் பேல் தூக்குகிற ஆண்களும் அந்த ஷிப்டில்தான். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி டீக்கடைக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, ஆம்பளையள வேலை ஏவுதியாமே?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

முதல் அடி செயினால். தோளில் சதை பிய்ந்தது. கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தார். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மண்ணெண்ணெய் டின்னோடு வந்து என் தலையில் கவிழ்த்தார். கண் எரிந்தது. மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டில் பேச்சியம்மாவின் ரேடியோ கூடியது. யாரோ மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார். இவர் தீப்பெட்டி தேடினார்.

முந்தானை என் கைக்கு வந்தது, வாயில் திணிக்க. அதை விட்டேன். "ஆண்டவரே, இப்போ" என்று மனசுக்குள் கேட்டேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிற சத்தம் வந்தது.

"பேச்சியம்மா! ரேடியோவ நிறுத்து! சண்முகண்ணே, கடப்பாரைய எடுத்து கதவ ஒடைங்க! மாரித்தாயி, சாக்க நனைச்சுக் கொண்டா! எம்மேல சீமெண்ணெய ஊத்திட்டாரு!"

ரேடியோ நின்றது.

அவர் தீப்பெட்டியோடு அப்படியே நின்றார். இத்தனை வருஷத்தில் என் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. பிறகு குச்சியை உரசினார். அவர் கையெல்லாம் எண்ணெய். குச்சி ஊறி, பற்றாமல் ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. கதவில் கடப்பாரை விழுந்தது. அதற்கு அடுத்ததை எடுப்பதற்குள் கதவு உள்ளே சாய்ந்தது. எதிர்வீட்டுச் சண்முகம் அண்ணன் அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். மாரித்தாயி ஈரச் சாக்கோடு என் மேலே விழுந்தாள்.

தெருவே உள்ளே புகுந்து அவரை அடித்தது. வாயெல்லாம் ரத்தம். இத்தனை நாள் ரேடியோவைக் கூட்டி வைத்த கைகள்தான். கொன்றிருப்பார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். "போதும். சண்முகண்ணே, அவர் கையக் கட்டுங்க. பேச்சியம்மா, உம்மவன ஸ்டேசனுக்கு அனுப்பு" என்றேன். அத்தனை பேரும் அடங்கினார்கள். அதுதான் நான் நடத்திய முதல் ஷிப்டு.

விலா கூடியதும் வந்த வெள்ளிக்கிழமை சபையில் எழுந்தேன். "என் வீட்டுக்காரர் என்னை அடித்தார். எரிக்கப் பார்த்தார். அவர் பேர் தங்கராஜ். நான் திரும்பிப் போக மாட்டேன். என் வேலைக்காக ஜெபியுங்கள்" என்றேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. விசுவாசி குடும்பத்தைப் பிரிக்கலாமா என்று பிறகு வாசலில் கேட்டார்கள். கேட்டவர்கள் இடது பக்கம் நின்று கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு ராமலட்சுமி விட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டையும் சேர்த்து என்னிடமே கொடுத்தார்கள். புதிதாக வருகிற பெண்களோடு நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பொறவு?" என்று கேட்கிறேன். ராமலட்சுமி இன்னமும் துளசி வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்க்க வருகிறாள். என் ஜெபத்துக்குப் பதிலாகக் கர்த்தர் அவளைத்தான் அனுப்பினார். இதில் யாருக்காவது சங்கடம் என்றால் அனுப்பியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் நன்றி சொல்லித் தீரவில்லை.

அவரை நம்புங்கள். ஆனால் அவரிடம் "யாருக்காவது ஏதாவது செய்யும்" என்று கேட்காதீர்கள். பேர் சொல்லிக் கேளுங்கள், என்ன வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பின்வரிசையில் இருந்த தங்கச்சியே, நீ எழுந்து, "வீட்டில் சமாதானம் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். முக்காட்டைக் கன்னம் வரை இழுத்துவிட்டிருந்தாய். நான் கண்ணை மூடவில்லை, பார்த்தேன். வருகிற வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார். வலது பக்கம் உட்கார். எனக்குக் கேட்கும்.