கழுத்து வளையாத கிட்டார்

லிஜின் அயர்லாந்துக்குப் புறப்பட்டது ஒரு ஜூன் மாத வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் வந்தவர்கள் எல்லோரும் முறையாக அழுது முடித்த பிறகுதான் அவன் அம்மா பிரிஜாவுக்கு அழுகை வந்தது. பெட்டிகள் உள்ளே போய், கடைசியாக அவன் தோளில் தொங்கிய கிட்டாரும் கண்ணாடிக் கதவைத் தாண்டியபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கரையாத மக்கா. அவன் அடுத்த வருசம் வருவாம்,” என்று அண்ணன் ஆபேல் அவள் தோளைத் தட்டினான்.

மகன் வருவான் என்பது அவளுக்கும் தெரியும். கிட்டார் வருமா என்பதுதான் தெரியவில்லை.

குழித்துறைச் சந்திப்பில் பிரிஜாவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. மதியம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வருவாள். கணவன் ஷாஜன் பஸ் கண்டக்டர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். ஊரில் இருந்தவரை லிஜினும் நாகர்கோவிலில் வேலைக்குப் போயிருப்பான். அந்த ஆளில்லா வீட்டில், சோற்றை அவசரமாக அள்ளிப் போட்டுவிட்டு, போனில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சொல்லிக்கொடுக்க, மகனின் கிட்டாரை எடுத்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள். அதன் உறையில் ‘யாரும் தொடக்கூடாது’ என்று லிஜின் எழுதி ஒட்டியிருந்தான். அந்தக் காகிதத்தை லேமினேஷன் செய்து கொடுத்தவளே அவள்தான்.

கம்பியைத் தட்டுகிற சின்ன முக்கோண வில்லைக்குப் பிக் என்று பெயர். அதைக் கடையில் வாங்கப் போனால் கேள்வி வரும். ஆபேலின் அடையாள அட்டை ஒருமுறை லேமினேஷனில் கோணிப் போய்விட, வேறொன்று செய்து கொடுத்துவிட்டு, கெட்டுப்போனதிலிருந்து இரண்டு பிக் வெட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் அண்ணனின் பாதி முகம். அதில் ஒன்று, லிஜின் கிளம்புவதற்கு முந்தின வாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வீட்டைப் பெருக்கிப் பெருக்கித் தேடினாள்.

இதில் இவ்வளவு ஒளிவுமறைவு எதற்கென்றால், அவளுக்கு ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் இருந்தது. நாற்பது வயதில் ஸ்கூட்டர் பழகப் போய், பக்கத்து விளையில் வாழைக் கூட்டத்துக்குள் நேராக விட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் வாழை பிரிஜா. பால் வாங்கப் போனாலும் அந்தப் பெயர்தான். இன்னொரு பெயரைச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஆனால் கிட்டார் போன பிறகு வேறொரு சங்கடம் வந்தது. இடது கை விரல் நுனிகளில் கம்பி அழுத்தி அழுத்திக் காய்ப்பு விழுந்திருந்தது. எத்தனை வலிக்குப் பிறகு வந்த காய்ப்பு. வாசிக்காமல் விட்டால் உரிந்து போய்விடும் என்று போன் தாத்தா சொல்லியிருந்தார். அது போனால் மறுபடியும் முதலிலிருந்து வலிக்க வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மர அடிக்கோலின் ஓரத்தில் விரல்களை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன பிரிஜா, கையில வாயுவா?” என்று ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் கேட்டார்கள்.

ஆகஸ்டில் ஒருநாள் துணிந்து தக்கலைக்குப் பஸ் ஏறினாள். அங்கே மகேஷ்குமாரின் கடையில் ஆர்மோனியமும் கீபோர்டும் கிட்டாரும் வரிசையாகத் தொங்கின.

“எனக்க அண்ணன் மகனுக்கு ஒண்ணு வேணும். சும்மா வீட்டுல இருந்து வாசிக்கதுக்கு. விலை ரொம்பப் போகக் கூடாது, கம்பி கையைக் கிழிக்கவும் கூடாது.”

“பயலுக்கு கை எவ்வளவு பெருசு?”

பிரிஜா தன் கையைக் காட்டினாள். “இந்தா, இவ்வளவுதான்.”

“செருப்புப் போல தாம்க்கா இதுவும். போடுத ஆளு போட்டுப் பாக்கணும். மடியில வச்சுப் பாக்காம நான் கொடுத்தா, நாளைக்கு நீங்க என்னையத்தான் ஏசுவிய. பயலைக் கூட்டிட்டு வாங்க.”

அண்ணனுக்குப் பிறக்காத மகனை எங்கே போய்க் கூட்டி வருவது? வெறுங்கையோடு திரும்பினாள். அந்த வாரமே சுட்டுவிரல் நுனியில் தோல் லேசாக உரிந்தது.

வழி அக்டோபரில் திறந்தது, அதுவும் ஆலயத்தில். அறுப்பின் பண்டிகையில் சபையார் கொண்டுவருகிற காணிக்கைப் பொருள்களை ஆராதனைக்குப் பிறகு பந்தலில் ஏலம் விடுவார்கள். ஏத்தன் வாழைக்குலை, சேனை, கால் கட்டிய சேவல், யாரோ சுட்ட கேக் என்று எல்லாமே போகும். அங்கே ஒருவர் எதை எடுத்தாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, ஆண்டவருக்காக எடுத்தது. போன வருடம் பிரிஜாவே கதவுக்குள் நுழையாத பூசணி ஒன்றை எடுத்திருந்தாள். இந்த வருடம் ஆபேல், குவைத்திலிருந்து கொண்டுவந்து அலமாரிமேல் போட்டிருந்த கிட்டாரைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தான். பூசணி எடுத்தவள் கிட்டார் எடுத்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

சபைக் கமிட்டி நேசமணி கிட்டாரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். பிரிஜா வாயைத் திறந்தாள். விலை சொல்லத்தான் திறந்தாள்.

“அண்ணே, அதைக் கொஞ்சம் இஞ்ச தாரும். பாத்துட்டுச் சொல்லுகேன்.”

பந்தல் திரும்பிப் பார்த்தது.

“காணிக்கைப் பொருளை யாருட்டி சோதிச்சு எடுப்பா?” என்றார் நேசமணி. “பூசணியைத் தட்டிப் பாத்தா எடுத்த?”

“குவைத்து சாதனமாக்கும்,” என்றான் ஆபேல். “கண்ண மூடிட்டு விளி, ஏட்டி.”

கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்டிருந்தால் ரகசியம் தப்பியிருக்கும். ஆனால் உரிந்துகொண்டிருந்த விரல் நுனிகள் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. மோசமான கிட்டார் வந்து வாய்த்தால் இந்த விரல்கள் வலித்துச் சலித்து மொத்தமாக விட்டுவிடும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எழுந்து போய் வாங்கினாள். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கழுத்து நெடுகப் பார்த்தாள். வில்லாக வளைந்திருந்தது. நடுக் கழுத்தில் கம்பிக்கு அடியில் ஒரு பென்சிலை உருட்டலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டுப் பார்க்காமல் ஒன்றைத் தள்ளுவது நியாயமில்லை என்று தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்து, மணிபர்சிலிருந்து ஆபேலின் பாதி முகத்தை எடுத்து, தனக்குத் தெரிந்த மூன்று சுரக்கூட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாள். கம்பிகள் ஈயைப் போல இரைந்தன. ஆனால் விரல்கள் ஒரு தடவைகூட இடம் தவறவில்லை. சேவல்கூட அடங்கியது.

“பிரிஜா,” என்றார் நேசமணி மெதுவாக, “நீ இது எப்பம் படிச்ச?”

“கழுத்து வளைஞ்சு போச்சு அண்ணே. இது எனக்கு வேண்டாம்.”

ஒருவர் சிரிக்கத் தொடங்க, பந்தல் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு அந்தக் கிட்டாரைக் கேட்க ஓர் ஆள் இல்லை. நேசமணி ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார், ஆபேலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஆபேல் தன் கிட்டாரைத் தானே ஏலம் எடுத்து, காரின் பின்சீட்டில் கொண்டுபோய் வைத்தான்.

சாயங்காலத்துக்குள் அவள் கிட்டார் பிரிஜா ஆகிவிட்டாள். இரண்டு நாள் அதை வாயில் போட்டுப் பார்த்தாள். வாழைக்கு இது எவ்வளவோ மேல்.

மறு சனிக்கிழமை தக்கலையில் மகேஷ்குமார் கேட்டார், “அண்ணன் மகன் வரல்லியா?”

“அந்தப் பய நாந்தான். எடுத்துப் போடும்.”

அவர் மூன்று கிட்டார்களைக் கொண்டுவந்தார். முதலாவது நீலம், மயில் கழுத்து நீலம். பார்த்தவுடன் பிடித்துவிட்டது. தட்டினால் தகர டப்பா. ஒருமுறை சுருதி கூட்டியது ஒரு பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. இரண்டாவது நல்ல சத்தம்தான், ஆனால் உடல் பெரிது, அவள் முகவாயைத் தொட்டது. மூன்றாவது வெறும் மரநிறம், பார்க்க ஒன்றுமில்லை. மடியில் சரியாக உட்கார்ந்தது. கழுத்து நேர். கம்பிகள் தாழ்வாக, விரலோடு சண்டைக்கு வராமல் கிடந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி இரைச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நீலத்தை மட்டும் இரண்டுமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவதைக் கட்டச் சொன்னாள்.

திரும்பும்போது ஏறிய பஸ்ஸில் ஷாஜன்தான் கண்டக்டர். கிட்டாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கிட்டாருக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்து நீட்டினான்.

“வீட்டு ஆளுக்குமா?” என்றாள்.

“வீட்டு ஆளு பாஸ்ல வரலாம். இது இனிதானே வீட்டு ஆளாகணும்.”

ஏலப் பந்தலின் வீடியோ அதற்குள் அயர்லாந்து போய்ச் சேர்ந்திருந்தது. எப்பம் படிச்ச, எதுல படிச்ச என்று லிஜின் கேட்டான். போனில் பார்த்து, அடிக்கோலை வைத்துப் படித்தேன் என்றாள். அதில் பாதி உண்மை இருந்ததால் குரல் தடுமாறவில்லை. அவனும் அத்தோடு விட்டுவிட்டான்.

லீவு கிடைக்காமல் அடுத்த வருடமும் அவன் வரவில்லை. அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்த பிரிஜாவின் போனில் ஒரு படம் வந்தது. மகனின் உள்ளங்கை. அதன் நடுவில் முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதில் ஒரு கண்ணும் அரை மீசையும். கீழே எழுதியிருந்தான்:

“அம்மா, வந்த நாள்லயிருந்து எனக்க கிட்டாருக்குள்ள என்னமோ கிடந்து கிலுங்கிச்சு. இன்னைக்குத் தலைகீழாப் பிடிச்சுக் குலுக்கினப்பம் ஆபேல் மாமா விழுந்தாரு. மத்த பாதி உனக்க கையில இருக்கா?”