லோகா அக்கா சொன்ன மூன்று வாரம்

செய்தி ஆம்புலன்ஸ் வானொலியில்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் காலை வேலை மாறும் நேரம். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பெண்மணி, மூச்சு நின்றுவிட்டது, கொண்டு வருகிறோம் என்று சொல்லி வீட்டு எண்ணையும் சொன்னார்கள். தீபாவளிக்கு நான் போய்ச் சாப்பிட்டு வருகிற வீடு அது. முக்கால் மணி நேரம் நெஞ்சை மாற்றி மாற்றி அழுத்தினோம். திருமதி லோகேஸ்வரி, தாம் வேலை பார்த்த அதே அவசரப் பிரிவில் காலமானார். ஐம்பத்து நான்கு வயது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் இயன்முறைச் சிகிச்சையாளர், எங்கள் வாயில் பிசியோ. சுளுக்கு, முதுகுப் பிடிப்பு, மோட்டார் சைக்கிளில் விழுந்து வீங்கிய முட்டி போன்ற சின்னக் காயங்கள் அவரிடம்தான் போகும். வலி எங்கே என்று கேட்பதற்கு முன்னால், "வீட்டுல யாரு இருக்காங்க? என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்பார். பிறகு அழுத்திப் பார்த்து, இத்தனை வாரம் என்று ஒரு கெடு சொல்வார். பெரும்பாலும் அது பலிக்கும். டாக்டர்களே "லோகா என்ன சொன்னாங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டை எழுதுவார்கள்.

நான் அங்கே மருத்துவ உதவியாளனாகச் சேர்ந்த புதிதில், கெலாங் பாத்தாவிலிருந்து ஒருவர் கணுக்கால் வீங்கி வந்தார். சிங்கப்பூர் கிடங்கில் வேலை. அக்கா ஏழு வாரம் என்றார்.

"ஏழு வாரம் நின்னா வேலை போயிரும், அக்கா. ரெண்டுன்னு போடுங்க லா."

"நான் சொல்றது உங்க காலுக்கு. உங்க முதலாளிக்கு இல்ல."

அவர் கேட்கவில்லை. இரண்டாம் வாரமே வேலைக்குப் போய், மறுபடி விழுந்து, நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். வேலையும் போயிருந்தது. "சரியா சொல்லி என்ன புண்ணியம், தம்பி?" என்று அக்கா அன்று முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கம் அவருக்கு உண்டு. சொன்ன கெடுவில் பாதி நாள் ஆனதும் நோயாளிக்குத் தாமே போன் போடுவார். பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டத்து அம்மா ஒருவருக்கு மணிக்கட்டு நான்கு வாரம் என்று சொல்லியிருந்தார். இரண்டாம் வாரம் போன் போட்டார். வலி கொஞ்சமும் இறங்கவில்லை. உடனே வரச் சொல்லி மறுபடி படம் எடுத்தால், முதல் படத்தில் தெரியாத சின்ன எலும்பு முறிவு. உங்கள் கெடு தப்பிவிட்டதே என்று நான் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"தப்பட்டும். தப்புதா இல்லையான்னு பாக்கத்தான் கெடு வைக்கிறதே. நம்பிகிட்டு உக்காந்திருக்க இல்ல."

சென்ற மாதம் அடுக்குமாடிப் படியில் அவர் கால் பிசகியது. எலும்பு முறியவில்லை. மட்டை வைத்துக் கட்டினோம். எத்தனை வாரம் என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட்டோம். "மூணு" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து வேலைப் பட்டியலில் அவர் பெயரைப் போட்டுவிட்டு மறந்துபோனோம். கணவர் இறந்த பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். வீட்டில் யார் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. பாதி நாளில் போன் போடவும் ஆளில்லை.

அவர்தான் எனக்கு எழுதினார். பதினோராம் நாள், வாட்ஸ்அப்பில். "கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது தம்பி. கொஞ்சம் வீக்கம். வந்து பாக்கட்டுமா?"

வேறு எந்த நோயாளி இதைச் சொல்லியிருந்தாலும் ரத்தம் கட்டியிருக்குமோ என்று பயந்து உடனே வரச் சொல்லியிருப்பேன். அது என் வேலை, எனக்குத் தெரியும். ஆனால் கெடு சொன்னது லோகா அக்கா அல்லவா? "நீங்கதானே மூணு வாரம்னு சொன்னீங்க. இன்னும் நாள் இருக்கு, பொறுங்க லா" என்று சிரிப்புப் படம் ஒன்றும் போட்டு அனுப்பினேன். பதின்மூன்றாம் நாள் காலை, காலில் கட்டிய ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது.

சுடுகாட்டில் அவருடைய கூடப்பிறந்த தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுளுக்குக்கு யாராச்சும் சாவாங்களா, சார்?" என்று கேட்டார். ரத்தக் கட்டி, நுரையீரல் என்று ஏதேதோ விளக்கினேன். அவரும் தலையாட்டிக்கொண்டார். அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இந்த அஞ்சலியை எழுத ஒப்புக்கொண்டதே அதைச் சொல்லத்தான். சொல்லிவிட்டதால் மனம் லேசாகிவிடவில்லை. ஆகும் என்றும் நான் நினைக்கவில்லை.

என் பதிலுக்குக் கீழே அவர் "சரி தம்பி" என்று போட்டிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் நான் சொன்ன எதையும் அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றதில்லை. ஊசி போடுவதிலிருந்து டீக்குச் சர்க்கரை வரை வாதாடுவார். அக்கா, அன்றைக்கும் என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா?