உலை வைக்கப் போன வீடு

சென்ற வாரம் ஸ்ட்ரெதமில் பஸ் ஏறினேன். மடியில் இருந்த பையில் பிளீச் போத்தலின் மூடி சரியாகப் பூட்டப்படவில்லை என்பது, முன் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என் காற்சட்டையில் ஒரு கால் வெளுத்துவிட்டது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ மூக்கை விரித்து இன்னொரு தடவை இழுத்தேன். உங்களுக்குச் சாம்பிராணி மணத்தில் அம்மாவின் ஞாபகம் வரலாம். எனக்குப் பிளீச் மணத்தில்தான் வரும். அவரவர் கொடுப்பினை.

பஸ் தாண்டிப்போன ஒரு தெருவில்தான் இந்த நாட்டில் எங்களுடைய முதல் குளிர்காலம் கழிந்தது. அப்பா சில வருடங்கள் முன்னதாகவே வந்து பெற்றோல் செட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் தம்பியும் இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தோம். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. மேல்மாடியில் இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. கீழே யாரோ இருந்தார்கள். அவர்களை நாங்களும் எங்களை அவர்களும் காலடிச் சத்தமாக மட்டுமே அறிந்திருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வர இருட்டிவிடும். "இந்த ஊர்ச் சூரியனுக்கும் பார்ட் டைம் வேலைதான் போல" என்பார் அம்மா.

வீடு சபா அண்ணையுடையது. எங்களுக்கு முதலே வந்து, உழைத்து, மூன்று வீடு வாங்கியவர். கோயில் கமிட்டியில் முன்வரிசை ஆள். அப்பா தனியாக வந்து இறங்கியபோது படுக்க இடம் கொடுத்தவரும் அவர்தான். அதை அப்பா மறக்கவில்லை. சபா அண்ணையும் அப்பாவை மறக்கவிட்டதில்லை.

பின்னறைச் சுவரில், தம்பியின் தலைமாட்டுக்கு மேலே, ஒரு கறுப்புப் பொட்டு தோன்றியது. அம்மா ஈரத்துணியால் துடைத்தார். இரண்டு நாளில் தன் சுற்றத்தாரோடு திரும்பி வந்தது. பூஞ்சணம். ஊரில் பாணிலும் தோல் செருப்பிலும் கண்டிருக்கிறோம். சுவருக்கும் பிடிக்கும் என்பது புதுச் செய்தி. நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே தம்பிக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். டொக்டர் வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்ப் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சுவரைத் திருத்தாவிட்டால் பிள்ளைக்கு இது கூடிக்கொண்டேதான் போகும் என்றார்.

சபா அண்ணை வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே பின்னறைக்குப் போய்ச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது நீங்கள் சோறு காய்ச்சிற ஆவி. உடுப்பையும் உள்ளுக்குக் காயப்போடுறியள். யன்னலைத் திறந்து விடுங்கோ."

வெளியே உறைபனி. அம்மா அவருடைய கம்பளிக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பச்சை அரிசியைச் சப்பிக்கொண்டு, ஈர உடுப்போட, யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கட்டோ அண்ணை?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. எனக்கும் வயது போய்விட்டது. ஆனால் கோபத்துக்கு வயது போகவில்லை.

நகரசபைக்கு, அதாவது கவுன்சிலுக்குச் சொல்லுவோம் என்றார் அம்மா. அப்பா தயங்கினார். "எங்கட ஆளை வெள்ளைக்காரரிட்டக் காட்டிக் குடுக்கிறதோ? உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சொல்லுவினம்."

"அந்த உப்புக்கு இவ்வளவு காலமும் வாடகை குடுத்தாச்சு. போனை எடுங்கோ."

அப்பாவின் ஆங்கிலம் பெற்றோல் பம்ப் நம்பர்களைச் சுற்றி வளர்ந்தது. அதை வைத்துக்கொண்டே எப்படியோ சொல்லி முடித்தார். வியாழக்கிழமை ஒரு அதிகாரி வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

இப்போது பிளீச் கதைக்கு வருகிறேன். புதன்கிழமை நாங்கள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மூக்கு எரிந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிரையின் மேல் நின்றார். கையில் பிரஷ். வீட்டுக்கு ஒரு ஆள் வரப்போகிறது, அதுவும் முதல்முதலாக ஒரு வெள்ளைக்காரி. வீட்டை ஊத்தையாக வைத்திருக்கலாமா? சுவரை உரஞ்சி, தரையை உரஞ்சி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, மீன் ரோல்ஸ் சுட்டு, எங்கள் இருவரையும் தலைமுழுக வார்த்து, சாம்பிராணியும் காட்டி முடித்தார். சுவர் சலவைக்குப் போய்வந்த வேட்டியாக இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். நல்ல பெண். சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார். ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டார். இவ்வளவு துப்புரவான வீட்டைத் தான் அபூர்வமாகத்தான் பார்ப்பதாகவும், பிரச்சினை திரும்ப வந்தால் அறிவிக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். கோர்ட்டுக்குச் சாட்சியைக் குளிப்பாட்டி, தலைசீவி, வாயையும் கட்டி அனுப்பியது போல ஆகிவிட்டது.

அப்பா தலையில் கை வைத்தார். "என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? கறுப்பைக் காட்டத்தானே அந்த மனிசியைக் கூப்பிட்டது!"

"வீட்டுக்கு வாற ஆளுக்கு ஊத்தையைக் காட்டச் சொல்லி என்னை வளர்க்கேல்லை."

அன்று பின்னேரம் தம்பி விளையாட எழும்பவில்லை. அம்மாவின் மடியில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை எடுத்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "இனி அந்தச் சுவரில ஆரும் துணி வைக்கப்படாது" என்றார். தம்பியின் மெத்தையை முன்னறைக்கு இழுத்துவந்தார். சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பவர் அம்மா. ஆனால் ஒரு சுவரை அழுக்காக விடுவதுதான் அவருக்கு மெய்யான விரதமாக இருந்தது. பின்னறைப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் சோற்றுப் பானையையும் அரிசியையும் சக்கரப் பையில் வைத்து, எங்கள் இருவருக்கும் கோட்டை மாட்டி, இரண்டு தெரு தள்ளியிருந்த சபா அண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவருடைய மனைவி பவளக்கா கதவைத் திறந்தார்.

"அக்கா, எங்கட வீட்டில சோறு காய்ச்சினா சுவர் கறுக்குதாம். அண்ணைதான் சொன்னவர். உங்கட சுவர் நல்ல சுவர். இஞ்சை காய்ச்சிக்கொண்டு போறன்."

அரிசியோடும் பிள்ளைகளோடும் வாசலில் நிற்கிற ஒருத்தியை எங்கள் ஆட்களில் யார் போ என்று சொல்வது? பவளக்காவின் வாய் "வாரும், உள்ளுக்கு வாரும்" என்று தன்பாட்டில் சொல்லிவிட்டது. அம்மா உலை வைத்தார். அடுத்த நாளும் வைத்தார். அதற்கடுத்த நாள் ஈர உடுப்பும் வந்தது. சபா அண்ணை வேலையால் வந்து கதவைத் திறக்க, கோயில் கமிட்டிப் படத்துக்குக் கீழே ஹீற்றரில் அப்பாவின் பெற்றோல் செட் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி இது?"

"நீங்கள் சொன்னதைத்தான் செய்யிறன் அண்ணை."

அவர் பவளக்காவைப் பார்த்தார். பவளக்கா தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அவன் நாலு வாய்க்கு ஒருமுறை மூச்சு வாங்குவதை இத்தனை நாளும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான்.

மூன்றாம் கிழமை பவளக்கா தானாகவே எங்களோடு நடந்து வந்தார். பின்னறைக் கதவை அம்மா திறந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு பருக்கை சோறு காய்ச்சவில்லை, ஒரு காலுறை காயப்போடவில்லை. சுவரோ கூரையிலிருந்து கட்டில்வரை கறுத்திருந்தது. பவளக்கா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வெறும் கட்டிலைப் பார்த்தார். வீட்டுக்குப் போய், எங்கள் முன்னாலேயே சபா அண்ணையிடம் சொன்னார்: "இஞ்சருங்கோ, கவுன்சில்காரி திரும்பி வந்தா நான்தான் சாட்சி சொல்லுவன்."

அந்தக் கிழமையே ஏணி வந்தது. கூரைப் பீலி வெடித்து, மழைத் தண்ணீர் முழுக்கச் சுவருக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்ததாம். எங்கள் சோற்றுப் பானை நிரபராதி. பீலியை மாற்றினார்கள், சுவரைக் கொத்திப் பூசினார்கள். பூச்சு காயமுதலே, வீட்டை விடும்படி சபா அண்ணை அப்பாவிடம் சொல்லிவிட்டார். கோயிலில் சிலர் எங்களோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அம்மா முன்வரிசையில் போய் இருந்து கும்பிட்டார். வீட்டை விடச் சொன்னதற்கு அவர் சபா அண்ணைக்குக் கொடுத்த பதில் இதுதான்:

"போறம் அண்ணை. இவன் அந்தச் சுவரோட படுத்து, இழுப்பில்லாமல் எழும்பட்டும். பிறகு போறம்."

அப்படித்தான் நடந்தது. கட்டில் பின்னறைக்குத் திரும்பியது. மாடிப்படியில் தம்பி உட்காராமல் ஏறி வந்த ஒரு நாளில்தான் அம்மா பெட்டி கட்டத் தொடங்கினார். மோர்டனில் வேறு வீடு பார்த்தோம்.

அம்மா இப்போது இல்லை. சபா அண்ணையும் பவளக்காவும் இல்லை. தம்பியின் மகள் ஹவுன்ஸ்லோவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். நேற்று அவள் போனில் அனுப்பிய படத்தில் சுவரெல்லாம் கறுப்பு. சமையலைக் குறை, யன்னலைத் திற என்று வீட்டுக்காரனிடமிருந்து பதில் வந்ததாம். தம்பி கொதித்துப்போய் என் வீட்டுக்கு வந்துவிட்டான். வீட்டுக்காரன் ஆர், எங்கே இருக்கிறான் என்று போனில் அவளிடம் கேட்டேன்.

"இட்ஸ் எ கொம்பனி, பெரியப்பா. ஒன்லி ஈமெயில்."

பானை இருக்கிறது. அரிசி இருக்கிறது. அம்மாவின் குணத்தில் ஒரு பங்கு எனக்கும் தம்பிக்கும் இருக்கிறது. உலை வைக்க வீட்டுக்காரனின் குசினிதான் இல்லாமல் போய்விட்டது.