மகுரா மீனில்லை

கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் என் மகள், பொல்பிட்டிய ஆற்றில் பிடித்த, செதிலற்ற மீசைக்கார மகுரா ஒன்றைச் சமையலறை மேசையில் கிடத்தினாள். அது நம் நாட்டு இனமா, தென்கிழக்காசியாவிலிருந்து வந்த இனமா என்று அறிய, தலையெலும்பை அளக்கத் தொடங்கினாள். அதன் வழவழப்பிலிருந்து எழுந்த சேற்று வாடை சமையலறையெங்கும் பரவியது.

இதே வாடையை முன்பு முகர்ந்த நாளில் எனக்கு ஒன்பது வயது. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அம்மா காய்ச்சலில் கிடந்தாள். அவள் பிழைக்கவே நான் கந்த சஷ்டி விரதம் ஏற்றிருந்தேன். ஐந்தாம் நாள் மயங்கி விழுந்தேன். அப்பா ஓடையில் பிடித்த மகுராவைக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார்.

"விரதம்ப்பா. மீனு திங்கக்கூடாது."

"செதிலு இருந்தாத்தான் மீனு. இது மகுரா. மீசையப் பாரு, நம்மள வேல வாங்குற கண்டாக்கையா மாதிரி. தின்னும்மா."

எங்கள் லயத்தில் அதற்குச் சிங்களப் பெயர் மட்டுமே இருந்தது. மீன் என்று யாரும் சொல்லாததை மீனல்ல என்று நம்புவது பசித்தவளுக்கு எளிதாயிற்று. உண்டேன்.

மாலையில் கோயிலில், வள்ளியைக் கயல்விழியாள் என்று பாட வாய் திறந்தேன். சேற்று வாடையோடு ஏப்பம் வந்தது. குழம்பில் மிதந்த இமையற்ற சிறு கண் நினைவில் எழ, சந்நிதியிலேயே வாந்தியெடுத்தேன்.

அம்மா பிழைத்தாள். "பாத்தியா, அது மீனில்லன்னு முருகனே சொல்லிட்டாரு" என்று அப்பா சிரித்தார்.

மகள் விரலில் ஒட்டிய கோழையைத் துடைத்தாள். "எந்த இனம்னு இன்னும் தெரியலம்மா."

"மீன்தானே அது?"

"அதுல என்னம்மா சந்தேகம்?"

அறுபது ஆண்டுகளாக எனக்கும் அதில் சந்தேகமில்லை. அவள் போனதும் மேசையைச் சாம்பலிட்டு மூன்று முறை கழுவினேன். வாடை போகவில்லை.