சிவப்பும் பச்சையும்

கணினித் திரையில் அண்ணனின் விரல் தவறான இடத்தில் போய் நின்ற அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எண்பதுகளில் ஜவ்வாது மலைமேல், தொலைநோக்கி இருந்த ஒரு நிலையத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் கணினிக்கு நிரல் எழுதுகிறவள். நான் அண்ணன் என்று கூப்பிட்டது கூட வேலை பார்த்த கண்ணமங்கலத்துக்காரர் ஒருவரை. அவர், வானத்துப் படங்களில் மங்கலான விண்மீன்களைத் தேடிக் குறிக்கிறவர். கறுப்பு வெள்ளைப் படத்தில் மற்றவர் கண்ணுக்கு எட்டாத புள்ளியையும் தொட்டுக் காட்டிவிடுவார்.

பிறகு கலர் மானிட்டர் வந்தது. பதினாறு நிறங்கள் காட்டும்; ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உதவுகிறவை அதில் நாலுதான்: கறுப்பு, வெள்ளை, நடுவே இரண்டு சாம்பல். மங்கலானவையெல்லாம் கறுப்பில் கரைந்துபோயின. அதனால் வெளிச்சத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். மிக மங்கலுக்குப் பச்சை, அதற்கு மேலே சிவப்பு. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அண்ணன் மட்டும் தப்புத் தப்பாகக் குறிக்கத் தொடங்கினார். அவருக்கு அக்கறை போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த ஐப்பசி மழையில் மலைச்சாலை அறுந்தது. ஐந்து நாள் பஸ் இல்லை. மேலே மாட்டிக்கொண்ட சிலரில் நாங்களும் இருந்தோம். மூன்றாம் நாள்தான் கேட்டேன்.

"இன்னாண்ணா, சிவப்பைக் காட்டச் சொன்னா பச்சையைத் தொடுறீங்க?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது, பொறந்ததிலேருந்து. வெளியில சொல்லிடாத. தெரிஞ்சா வேலை பூடும்."

சத்தியம் செய்தேன். மிச்ச இரண்டு நாளும் வெளியே மழை, உள்ளே நானும் அந்தத் திரையும். கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் தூவினால், தள்ளி நின்று பார்க்கிற கண்ணுக்குப் பலவிதச் சாம்பல் கிடைக்கும். அப்படி ஒரு படம் செய்தேன். அண்ணன் நாலடி தள்ளி நின்று பார்த்தார். முன்னே வந்து பதினொரு விண்மீன்களை வரிசையாகத் தொட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சாலை திறந்ததும் அதிகாரி வந்தார். "கலர்லயே நல்லா தெரியுதே. இந்தப் புள்ளிப்படம் யாருக்கு?" என்றார். என்ன சொல்வது? அண்ணன் என்னையே பார்த்தபடி நின்றார். "சும்மா செஞ்சு பார்த்தேன் சார்" என்றேன். கலர்ப் படமே நிலைத்தது.

அடுத்த மாதம் அண்ணன் தானாகவே எழுதிக் கொடுத்து, சாமான் அறைக்கு மாறிப்போனார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

வெகுகாலம் கழித்துக் கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"தெரியும்மா" என்றார். "ஆனா அன்னிக்கு அந்த அதிகாரி இந்தப் படம் யாருக்குன்னு கேட்டாரே, எனக்குன்னு நீ சொல்லிட மாட்டியான்னுதான் உன் மூஞ்சையே பார்த்துக்கினு நின்னேன்."